இறக்கும் வழி கேட்ட அக்கா

"ஏத்தறதெல்லாம் சரிலா. எறக்கறது எப்படி?"

எதை எடுத்தாலும் அக்கா முதலில் கேட்கும் கேள்வி இது. பாய்மரப் படகில் மட்டும் கேட்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவருடைய அண்ணன் மூன்றாம் மாடி வீட்டுக்கு இரட்டைக் கதவு ஐஸ்பெட்டி வாங்கியபோதும் கேட்டார். நாலு பேர் நாக்குத் தள்ள அதைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கிறார்கள். மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "இது கெட்டுப்போச்சுன்னா எப்படிண்ணே எறக்குவீங்க?" என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அண்ணன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு எழுதுபொருள் கடையில் நான் விற்பனையாளன். பேனா, கார்பன் தாள், கோந்து, ரப்பர் வளையம் எல்லாம் விற்போம். கடைக்கு மேல்மாடியில் பல் டாக்டரின் கிளினிக். அக்கா அங்கே உதவியாளர். வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றுவது, பல் குழிக்குச் சாந்து குழைப்பது, அழுகிற ஆட்களின் தோளைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர்தான். என்னைவிட ஒன்பது பத்து வயது மூத்தவர், அதனால் எனக்கு அக்கா. சாந்து குழைக்க நேரம் பார்ப்பதற்கென்று விநாடி முள் வைத்த பெரிய ஆண்பிள்ளைக் கடிகாரம் கட்டியிருப்பார்.

டாக்டருக்குப் பல்லைவிடக் கடல்மீதுதான் பித்து. லுமுட் கடற்கரையில் நாலு பேர் ஏறும் பந்தயப் படகு ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்பார். சுக்கான் அவர் கையில். படகின் மூக்கில் நின்று பாய் ஏற்றுவது நான். எடை குறைந்தவன், 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவன் என்ற இரண்டு தகுதிகள் எனக்கு இருந்தன. மற்ற இருவர் வாரத்துக்கு வாரம் மாறுவார்கள். ஒரு வாரம் ஒருவர் வரவில்லை. கரையில் சாப்பாடு பார்த்துக்கொள்ள வந்திருந்த அக்காவை, சும்மா பாரத்துக்கு உட்காரட்டும் என்று டாக்டர் ஏற்றிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் டாக்டர் அவருக்குப் பலூன் பாயைப் பற்றி விளக்கினார். காற்று பின்னாலிருந்து வரும்போது படகின் முன்னால் குடை மாதிரி உப்பி நிற்கும் பெரிய பாய் அது. பந்தயத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் பாதி அதில்தான் இருக்கிறது. அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தம் கேள்வியைக் கேட்டார். டாக்டர் திருதிருவென்று விழித்தார்.

"அது... எப்படியாவது எறக்கிருவோம்."

அவர் சொன்னது முழு உண்மை. அதுவரை நாங்கள் அந்தப் பாயை இறக்கிய முறை என்னவென்றால், கயிற்றை விட்டுவிடுவது, பாய் கடலில் விழுவது, பிறகு மூன்று பேரும் சேர்ந்து அதை வலை இழுப்பதுபோல் இழுப்பது. அடுத்த வாரத்திலிருந்து அக்கா எங்களோடு நிலையாக ஏறினார். படகின் நடுவில் இருக்கும் சின்ன அறையின் வாசலில் உட்கார்ந்துகொள்வார். நடுப்பாயின் மறைவுக்குள் பலூன் பாய் வந்ததும், மழைக்கு முன்னால் கொடியில் கிடக்கும் துணியை உருவுகிற வேகத்தில் இரண்டு கையாலும் உருவி உள்ளே தள்ளிவிடுவார். ஒரு சொட்டுத் தண்ணீர் படாது.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வாரத்துக்கு ஒரு கதை சொல்வார். ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் ரம்புத்தான் மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் பொழுது சாயும்வரை அழுததாக ஒரு கதை. தண்ணீர்த் தொட்டியில் என்று இன்னொரு கதை. தோட்டத்துக் கணக்கர் கிராணியாரின் வீட்டுக் கூரை என்று மூன்றாவது. எது நிஜம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கேமரன் மலைக்கு நாங்கள் ஒருமுறை போனோம். தாப்பாவில் பஸ் ஏறியதும் அக்கா நேரே டிரைவரிடம் போய், "அண்ணே, ஏறிரும். எறங்கறப்ப பிரேக்கு எப்படி?" என்று கேட்டார். டிரைவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே, "போன மாசம் புடிக்கறதுக்குக் கொஞ்சம் சுசாவா இருந்துச்சு, இப்ப பரவால்ல," என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் பாதிப் பேர் சாமி பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா மட்டும் நிம்மதியாகத் தூங்கினார். பதில் கிடைத்துவிட்டதல்லவா!

பெண் பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. சிலிம் ரிவர் ஊரிலிருந்து ஒரு குடும்பம். பலகாரம் ஆயிற்று, காப்பி ஆயிற்று, எல்லாருக்கும் பிடித்துவிட்டது. 'பொண்ணு ஏதாவது கேக்கணுமாம்மா?' என்று பெரியவர் ஒருவர் ஒப்புக்குக் கேட்க, அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஒத்துப்போகலன்னா என்னைய எப்படித் திருப்பி அனுப்புவீங்க? பஸ்ஸிலயா, டாக்சியிலயா?" என்றாராம். மாப்பிள்ளை சிரித்துவிட்டான். அவனுடைய அம்மா சிரிக்கவில்லை. கதை அங்கேயே முடிந்தது.

அதனால் அக்கா அண்ணன் வீட்டிலேயே இருந்தார். ஏழு வாய்க்குச் சமையல். காலையில் சமைத்துவிட்டுக் கிளினிக், கிளினிக் முடிந்து மறுபடி அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருக்குத் தப்பித்தது. அதுவும் அண்ணியிடம் 'டாக்டர் வேலைக்குக் கூப்பிடறாரு' என்று சொல்லி வாங்கியது. அண்ணி கறாரான ஆள். "டாக்டர் கூப்புட்டா போ. கூப்புடலன்னா ஞாயித்துக்கெழம வீட்டுல வேல கெடக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். படகில் இடம் இருந்தால் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. படகில் இடம் போனால் அதுவும் அடுப்படிக்குப் போய்விடும். இது எனக்கும் தெரியும்.

எங்களிடம் பலூன் பாய் மூன்று இருந்தன. டாக்டர் அவற்றை எண் சொல்லி அழைப்பார். எனக்கு எப்போதும் குழம்பும். அக்கா வந்து பெயர் வைத்தார். காற்றே இல்லாத நாளுக்கு மெல்லிசான வெள்ளைப் பாய்: மல்லு. நல்ல காற்றுக்கு இருப்பதிலேயே பெரிய சிவப்பும் மஞ்சளுமான பாய்: சீலை. முரட்டுக் காற்றுக்குச் சின்னதாய், தடிமனாய், நீல நிறத்தில் ஒன்று: கோணி. அதன்பிறகு நான் ஒருமுறைகூடத் தவறான பையை எடுக்கவில்லை.

எதை ஏற்றுவது என்று முடிவு செய்யும் நேரத்தில் நாங்கள் எல்லாரும் முன்னால் போகும் படகைப் பார்த்துக்கொண்டிருப்போம். அக்கா முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். "காத்து பின்னாலதான வருது? முன்னால என்னாத்தப் பாக்கறீங்க?" என்பார். பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிகளில் பழைய கேசட் நாடாவை அறுத்துக் கட்டியிருந்தார். அது பறக்கிற தினுசையும், பின்னால் தண்ணீரில் கறுத்து ஓடிவரும் திட்டுகளையும் மாறி மாறிப் பார்ப்பார். பிறகு ஒரே சொல்தான். சீலை. அல்லது கோணி.

ஒரு பந்தயத்தில் பங்கோர் தீவைத் தாண்டித் திரும்புகிறோம். காற்று முதுகில். சுமத்ரா பக்கம் வானம் சட்டி அடிபோல் கறுத்து வருகிறது. முன்னால் போன படகுகள் எல்லாம் இருப்பதில் பெரிய பாயை ஏற்றிவிட்டன. டாக்டருக்கு உடம்பெல்லாம் துடிக்கிறது.

"சீலையப் போடு! சீலையப் போடு!"

"எறக்கறது எப்படி டாக்டர்?"

"அப்ப பாத்துக்கலாம்லா!"

"அப்ப பாக்க நேரம் இருக்காது. தம்பி, கோணிய எடு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். கோணிதான் ஏறியது. பத்து நிமிடத்தில் காற்று வந்து அறைந்தது பாருங்கள், முன்னால் போன படகுகள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தன. ஒன்றின் பாய் கிழிந்து தொங்கியது. இன்னொன்றின் பாய் தண்ணீரில் விழுந்து படகுக்கு அடியில் போய்ச் சுற்றிக்கொண்டது. நாங்கள் கோணியோடு அவர்களுக்கு நடுவே கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி நிதானமாகப் போய் முதலாவதாக வந்தோம். பரிசு ஒரு சுடுநீர்க் குடுவை. டாக்டர் அதை அக்காவிடமே கொடுத்துவிட்டார்.

பலூன் பாயில் இன்னொரு தொல்லை உண்டு. ஏற்றும்போது பாதியிலேயே காற்றைப் பிடித்து விரிந்துவிட்டால் முறுக்கிக்கொள்ளும். அதனால் பாயை நீளமாகச் சுருட்டி, சாணுக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, அப்படியே உச்சிக்கு ஏற்ற வேண்டும். மேலே போனபின் கயிற்றைச் சுண்டினால் வளையங்கள் கீழிருந்து படபடவென்று அறுந்து பாய் விரியும். அக்கா இதற்கு அடிப்பக்கம் அறுத்த சிவப்பு வாளி ஒன்று வைத்திருந்தார். வாளியின் வெளிப்புறம் முழுக்க ரப்பர் வளையங்களை மாட்டி, பாயை வாளிக்குள் நுழைத்து இழுத்துக்கொண்டே, ஒவ்வொன்றாய் நழுவவிடுவார். சனிக்கிழமை மத்தியானம் கிளினிக் சாத்தியபின் இந்த வேலை நடக்கும்.

அந்த ரப்பர் வளையங்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்திலும், பொங்குஸ் என்று பையில் கட்டித் தரும் தே ஓ வெறுந்தேநீரிலும் வருபவை. கிளினிக் பின்கட்டில் ஒரு ஆணியில் மாதக்கணக்கில் தொங்கி, வெயிலில் காய்ந்து, தொட்டால் பொரிந்துபோகிற பதத்தில் இருக்கும்.

"எங்கப்பா சீவின பாலு தம்பி இது. அறுந்தாத்தான் நமக்கு லாபம்," என்பார்.

இப்போது டாக்டரின் மச்சினர் வருகிறார். டாக்டர் மனைவியின் தம்பி. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு வேலை மாற்றலாகி வந்தவர். படகைப் பற்றிப் புத்தகம் படித்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவசரக்காரர். வந்த முதல் வாரமே எங்களுக்கு நாலாவது ஆள் ஆகிவிட்டார். அக்கா ஒவ்வொரு முறையும் கேட்கும் கேள்வி அவருக்கு வேம்பாய்க் கசந்தது. 'ரேஸுக்கு வந்தமா, கேள்வி கேக்க வந்தமா?' என்று டாக்டரின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். 'ஒரு தடவ பாயில ஏதாவது கோளாறு ஆகட்டும், ஆள மாத்திருவோம்' என்று ஒருநாள் எங்கள் காதிலும் விழும்படியே சொன்னார். வழக்கமாகத் திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வரும் அக்கா அன்றைக்குப் பாடவில்லை.

வருடக் கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய சனிக்கிழமை அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அக்காவால் வர முடியவில்லை. வாளியை என்னிடம் கொடுத்தார்.

"சீலைய மட்டும் கட்டி வச்சிரு தம்பி. ஆணியில இருக்கறத மட்டும் எடு. வேற எதுவும் வேணாம்."

ஆணியில் இருந்ததை எடுத்தேன். கையில் எடுத்ததும் நாலைந்து பொடிந்து விழுந்தன. இவ்வளவு முக்கியமான பந்தயத்துக்கு, அதுவும் மச்சினர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இந்தக் குப்பையா என்று எனக்குத் தோன்றியது. கீழே கடைக்குப் போனேன். இருப்பதிலேயே உயர்ந்த ரகம், வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு, பச்சை நிறத்தில் ஒரு பெட்டி எடுத்துவந்தேன். அக்காவுக்கு நல்லது செய்கிறோம் என்று சந்தோஷமாகச் சீட்டியடித்துக்கொண்டே கட்டினேன். தொழில் தெரிந்த முட்டாள் என்றால் அது நான்தான்.

மறுநாள் ஏழு படகுகள். திரும்பும் மிதவையை நாங்கள்தான் முதலில் தொட்டோம். அக்கா பின்னால் பார்த்துவிட்டு, "சீலை," என்றார். மச்சினர்கூட அன்றைக்கு மறுப்புச் சொல்லவில்லை. நான் ஏற்றினேன். பாய் உச்சிக்குப் போய் நின்றது. அக்கா கயிற்றைச் சுண்டினார்.

சத்தமே இல்லை. இன்னும் ஓங்கிச் சுண்டினார். பச்சை வளையங்கள் நீண்டன, மறுபடி சுருங்கின. ஒன்றுகூட அறுபடவில்லை. வளையத்துக்கு வளையம் நடுவில் பாய் உப்பி, கொழுக்கட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டது மாதிரி நின்றது. மச்சினர் கத்தினார். டாக்டர் கத்தினார்.

அக்கா கத்தவில்லை. மேலே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார்.

"எறக்கு தம்பி."

இறக்கினேன். பாய் அவர் மடியில் வந்து விழுந்தது. பையிலிருந்து பல் பிடுங்கும் பழைய குறடு ஒன்றை எடுத்து, வளையங்களைப் பல்லைப் பிடுங்குவது போலவே ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். மறுபடி ஏற்றினோம். பாய் விரிந்தது. அதற்குள் நாலு படகு எங்களைத் தாண்டிவிட்டன. ஐந்தாவதாக வந்தோம்.

பாய்களை இறக்கிவிட்டு, மோட்டாரைப் போட்டுக்கொண்டு கரைக்குத் திரும்பும்போது மச்சினர் ஆரம்பித்தார்.

"மச்சான், இது சரிப்படாது. பாயக் கட்டக்கூட தெரியல. அடுத்த வாரத்துலேர்ந்து பாய நான் பாத்துக்கறேன். என் கூட்டாளி ஒருத்தன் வாரான். அவங்க கரையில சாப்பாட்டக் கவனிக்கட்டும். அதுக்குக்கூட வேணுமா, கடையில வாங்கிக்கலாமே."

டாக்டர் நல்லவர், ஆனால் வீட்டுக்குப் போய் மனைவி முகத்தைப் பார்க்க வேண்டியவர். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்... பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"சரிப்பா, சரி."

அக்கா கையைத் திருப்பிக் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் மனது வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தது. நல்ல எண்ணத்தில்தானே செய்தேன்? கரைக்குப் போய்த் தனியாக டாக்டரிடம் சொன்னால் போதாதா? மச்சினர் முன்னால் சொன்னால் என்னையும் இறக்கிவிடுவாரே? அக்கா இவ்வளவு நேரத்தில் பாயை மடித்துப் பையில் போட்டார். கயிறுகளைச் சுருட்டி வைத்தார். பிறகு அறைக்குள் குனிந்து, அடி அறுத்த அந்தச் சிவப்பு வாளியை எடுத்து, சட்டை ஓரத்தால் ஒருமுறை துடைத்து, மச்சினரிடம் நீட்டினார்.

"இதுலதான் கட்டணும் சார். ஓரம் கூரா இருக்கு, கையக் கிழிச்சிரும், ஜாகா பண்ணிக்குங்க."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"கட்டினது நான்," என்றேன். "அக்கா ஆணியில இருக்கறத எடுக்கச் சொன்னாங்க. நான்தான் புது ரப்பரு போட்டேன். எங்க கடை ரப்பரு. அக்கா நேத்து வரவேயில்ல."

குரல் எனக்கே கேட்க அசிங்கமாக இருந்தது. டாக்டர் மோட்டாரை நிறுத்திவிட்டார். காலடியில் கிடந்த பச்சை வளையம் ஒன்றை எடுத்து இரண்டு விரலில் மாட்டி இழுத்தார். முழங்கை நீளத்துக்கு வந்தது. இன்னும் இழுத்தார். நழுவி அவர் மூக்கிலேயே 'டப்'பென்று அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் நான். மச்சினர்கூட வாளிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நல்ல சரக்குடா," என்றார் டாக்டர், மூக்கைத் தேய்த்துக்கொண்டே. "கடையிலேயே வச்சு வித்துக்க. வாளிப் பக்கம் இனிமே போகாத." பிறகு மச்சினரிடமிருந்து வாளியை வாங்கி அக்காவிடம் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம ஏழு மணி. எப்பவும் போல நாலு பேரும்."

டாக்டரும் மச்சினரும் பரிசளிப்பு விருந்துக்கு லுமுட்டில் தங்கிவிட்டார்கள். நானும் அக்காவும் ஈப்போ பஸ் ஏறினோம். வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் சித்தியவான் தாண்டியது. என்னால் இருக்க முடியவில்லை.

"அக்கா, மேல பாத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சில்ல? நான்தான் கட்டினேன்னு நீங்களே ஏன் சொல்லல?"

"நான் சொன்னா உன்னைய எறக்கி விட்டுருவாங்க. நீயே சொன்னா ரெண்டு பேரும் இருக்கலாம்லா."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

அக்கா கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினார்.

"நாலு நிமிஷம் தம்பி. டாக்டர் 'சரிப்பா'ன்னதுலேர்ந்து நீ வாயத் தொறக்க முழுசா நாலு நிமிஷம். ரொம்ப ஜாஸ்தி. அதுக்குள்ள அடுத்த ஞாயித்துக்கெழம அண்ணி வீட்டுல என்னா சமைக்கறதுன்னே நான் முடிவு பண்ணிட்டேன்."

விரலை மடக்கி எண்ணினார். "கோழிப் பெரட்டலு. பருப்பு. முட்டகோஸு."

சொல்லிவிட்டுக் கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.